வாசித்துக் காட்டாத வக்காலத்து

எங்கள் வக்கீல் தென்காசியில் இருபத்திரண்டு வருஷம் தொழில் செய்தார். அதில் பதினெட்டு வருஷம் நான் அவருக்குக் குமாஸ்தா. அவரைப் பற்றி எழுதும்படி என்னை யாரும் கேட்டதில்லை. ஊரில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்களே இப்போது குறைவு. பேசினாலும், "நல்ல மனுஷன்தான், கேஸ் எடுக்கத்தான் தெரியாது" என்று முடித்துவிடுவார்கள். அவர் எடுத்த கேஸ்களை வேறு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான்.

கள்ளுக்கடை மறியல் செய்தவர்களுக்கு அவர் ஆஜரானபோது கடைக் குத்தகைக்காரர்களின் கேஸ்கள் எல்லாம் போயின. பல வருஷம் கழித்து, கூட்டத்தில் தடியால் அடித்தான் என்று ஊரே பழித்த ஒரு கான்ஸ்டபிளுக்கும் அவரே ஆஜரானார். அப்போது கதர்க்காரர்களும் வருவதை நிறுத்தினார்கள். புருஷன் வீட்டை விட்டு இறங்கி வந்து ஜீவனாம்சம் கேட்ட ஒரு பெண்ணுக்காக நின்றபோது, அவருடைய சொந்தச் சித்தப்பாவே வாசலில் நின்று, "குடும்பத்தப் பிரிக்கதுக்கா சட்டம் படிச்ச?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். வக்கீல் இதற்கெல்லாம் காரணம் சொல்ல மாட்டார். நான் ஒரே ஒரு தடவை கேட்டேன். "வேற யாரும் வரமாட்டேங்கான்லா, அதான்" என்றார்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். தமிழ் நன்றாக வாசிப்பேன். கையெழுத்து சுத்தமாக இருந்ததால்தான் இந்த வேலை கிடைத்தது. இங்கிலீஷ் தெரியாது. அச்சடித்த இங்கிலீஷ் தாள்களை அவற்றின் உருவத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வேன். மேலே பெரிய எழுத்தில் இரண்டு வரி இருந்தால் வக்காலத்து. இடது ஓரத்தில் கோடு இருந்தால் மனு. இப்படியே வருஷங்கள் போய்விட்டன. நான் கூச்சக்காரன். கோர்ட்டில் சேவகன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே காது சூடாகிவிடும். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது என்பதை வக்கீலிடம் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. கட்சிக்காரர்களுக்கு அவரே வக்காலத்தை விளக்கிச் சொல்லுவார். நான் மைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். ஆபீசில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. கட்சிக்காரர் யாராக இருந்தாலும் 'அவன்' என்று சொல்லக் கூடாது. அதனால்தான் ஊர் முழுக்கக் கள்ளன் என்று சொன்ன ஒருவரை இங்கே நான் 'அவர்' என்று எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. இப்போது எடுத்துவிட்டார்கள். சில குடும்பங்களில் ஆணாகப் பிறந்தவர்கள் தப்புச் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஸ்டேஷனில் பத்து விரல் ரேகையையும் பதிந்து வைக்க வேண்டும். ஊரை விட்டு வெளியே போவதென்றால் கிராம முன்சீப்பிடம் ராதாரிச் சீட்டு எழுதி வாங்க வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் ஜெயில். மூன்றாம் தடவை பிடிபட்டால் பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கோ தூரத்தில் உள்ள செட்டில்மெண்டுக்கு ஏற்றிவிடுவார்கள். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இந்தக் கேஸ்காரருக்கு அது மூன்றாம் தடவை. அச்சன்புதூருக்குப் பக்கத்து ஊர். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் பெரிய மனிதர்களின் பெட்டி படுக்கைகளைச் சுமக்க, மூன்று நாளுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறார். சீட்டை இடுப்பு வேட்டியில் செருகி வைத்திருந்தார். குற்றாலத்துச் சாரல் குடை பிடித்தால் நிற்கிற சாரல் இல்லை; பக்கவாட்டில் வந்து நனைக்கும். மூன்றாம் நாள் ஒரு மிராசுதார் தங்கியிருந்த பங்களாவில் வெள்ளிக் கூஜா ஒன்றைக் காணோம். போலீஸ்காரர்கள் சுமைகாரர்களை நிறுத்திச் சோதித்தார்கள். இவரிடம் கூஜா இல்லை. சீட்டைக் கேட்டார்கள். இடுப்பில் இருந்து அவர் எடுத்தது வெறும் காகிதக் கூழ்.

சீட்டில்லாமல் ஊரை விட்டு வந்ததாகக் கேஸ் எழுதினார்கள். கூஜாவுக்கு அத்தாட்சி இல்லாததால் அதற்குக் கேஸ் இல்லை. ஆனால் தென்காசிக் கடைத்தெருவில் எல்லாரும் அதைக் கூஜாக் கேஸ் என்றுதான் சொன்னார்கள். மற்ற வக்கீல்கள் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்கள். அவருடைய பெண்டாட்டி இடுப்பில் ஒரு பிள்ளையோடு எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, அவுகள மட்டும் கொண்டு போனா நான் இருந்துக்கிடுவேன். எங்களயுமில்லா வண்டியேத்துவாக. நாத்துப் பாவியிருக்கேன், நடுகதுக்கு ஆள் வேண்டாமா?"

"சீட்டு எழுதுனது யாரு?" என்று வக்கீல் கேட்டார்.

"எங்கூர் முன்சீப்புதான். இப்பம் கேட்டா நெனப்பில்லங்காரு. அந்த மிராசு அவருக்கு வேண்டப்பட்டவுக."

"அடிக்கட்டை இருக்கும்லா" என்றார் வக்கீல். சீட்டுப் புத்தகத்தில் சீட்டைக் கிழித்த பிறகு முன்சீப்பிடம் தங்கிவிடும் பாதிதான் அடிக்கட்டை. கோர்ட்டு மூலம் அதை வரவழைத்துவிட்டால் கேஸ் முடிந்தது. ஆனால் அதை வரவழைக்க ஒரு வக்கீல் மனுப் போட வேண்டும். வக்கீல் எழுந்து நிற்க, கட்சிக்காரர் ரேகையோ கையெழுத்தோ வைத்த வக்காலத்து வேண்டும்.

இந்தக் கேஸை எடுத்த மறுநாளே அரிசிக்கடை அண்ணாச்சி ஒருவர் தம்முடைய சிவில் கேஸ் கட்டைக் கேட்டு வந்துவிட்டார்.

"தம்பி, என் கட்ட எடுத்துக் குடுத்துரு."

"அடுத்த வாரம் வாய்தா இருக்கே, அண்ணாச்சி."

"இருக்கட்டும். கூஜாக் கள்ளனுக்கு நிக்கிற வக்கீல் எனக்கும் நின்னா, ஜட்ஜு என்னையும் ஒரு மாதிரியில்லா பாப்பாரு."

உள்ளேயிருந்து வக்கீலின் குரல் வந்தது. "குடுத்துரும்வே. நூல் இத்துப் போயிருக்கும், மாத்திக் கட்டிக் குடும்."

அண்ணாச்சி என் பக்கம் குனிந்து, "பாத்தியா, கோவங்கூட வரமாட்டேங்கு. இவர வச்சு நான் எங்கன ஜெயிக்க?" என்று சொல்லிவிட்டுக் கட்டை வாங்கிக்கொண்டு போனார்.

விசாரணைக்கு முதல் நாள் வக்கீல் வேறொரு கேஸுக்காகத் திருநெல்வேலிக்குப் போக வேண்டியிருந்தது. ரயிலுக்குப் புறப்படும்போது, "சப் ஜெயிலுக்குப் போயி வக்காலத்துல ரேகை வாங்கி வச்சிரும். வாசிச்சுக் காட்டி வாங்கும், சும்மா வாங்கிராதீரும்" என்றார். சரி என்றேன். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வண்டிக்காரன் மாட்டைத் தட்டிவிட்டான்.

சப் ஜெயிலில் கேஸ்காரர் கம்பிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். நான் தாளை நீட்டி மைப்பெட்டியைத் திறந்தேன். அவர் இடது கையை மூடிக்கொண்டார்.

"என்ன எழுதியிருக்கு இதுல?"

"வக்காலத்து. வழக்கமா உள்ளதுதான்."

"வாசியும், கேக்கேன்."

நான் தாளைப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் இரண்டு வரி. கீழே எறும்பு ஊர்ந்ததுபோலப் பத்துப் பதினைந்து வரி. பாரா நின்ற ஜெயில் சேவகனும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாருக்கும் உள்ளதுதான். வெரல வச்சிருங்க" என்றேன்.

"அப்பிடித்தாம்வே ஸ்டேஷன்லயும் சொன்னாக. எழுதாத தாள்ல வெரல வாங்கிட்டு, பெறகு எழுதிக்கிட்டாக. என்ன எழுதுனாகன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இனிமே நான் கேக்காத தாளுல வெரல் வைக்க மாட்டேன். நீரு போயிட்டு வாரும்."

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தச் சேவகன் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. வெளியே வந்தேன். வக்கீல் கடைசி ரயிலில் வருவார், காலையில் நேராகக் கோர்ட்டுக்கு வருவார், ரேகை எங்கே என்று கேட்பார். ஏன் வாங்கவில்லை என்றால் என்ன சொல்வது? ஜெயில் மதிலோரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, மைப்பெட்டியில் என் இடது பெருவிரலை ஒற்றி வக்காலத்தில் அழுத்தினேன். இன்னார் இடது கைப் பெருவிரல் ரேகை என்று பக்கத்தில் தமிழில் அழகாக எழுதினேன். செய்வது பொய் என்று தெரியும். ஆனால் அவருக்கு நல்லது செய்வதற்காகச் சொல்லும் பொய் என்று மனசுக்குள் சமாதானம் செய்துகொண்டேன். அது முழு உண்மை இல்லை. என் கூச்சத்துக்காகத்தான் செய்தேன்.

மறுநாள் காலையில் சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கேஸ் கூப்பிட்டார்கள். வக்கீல் வக்காலத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார். மாஜிஸ்திரேட் வயதானவர், நிதானமானவர். தாளைப் பார்த்துவிட்டுக் கூண்டில் நின்றவரிடம், "இந்த ஐயாதான் உனக்கு வக்கீலா?" என்று கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதான்.

"எனக்கு வக்கீல் யாரும் கெடையாது, எசமான்."

"வக்காலத்துல உன் ரேகை இருக்கே."

"நான் வைக்கல, எசமான். நேத்து ஒருத்தர் வந்து கேட்டாரு. மாட்டேன்னுட்டேன்."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். அரசாங்கத் தரப்பில் நின்ற இன்ஸ்பெக்டர், "ரேகை ரிஜிஸ்தர் இங்கனதான் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துருவமா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாலுகாவில் வேறு எந்தக் கட்சிக்காரருக்கு நான் இப்படிச் செய்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. பத்து விரலும் கோர்ட்டு மேஜை மேலேயே இருக்கிற ஒருவருக்குப் போய்ச் செய்திருக்கிறேன்.

வக்கீல் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். இரண்டு நிமிஷம் இருக்கும். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. என்னைப் போலீஸில் ஒப்படைக்கச் சொல்கிறாரா, தெரியவில்லை. மாஜிஸ்திரேட்டின் முகம் கடுகடுத்தது. அவரும் ஏதோ சொல்லி, ஏதோ எழுதினார். பிறகு வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள்.

என்ன பேசினார்கள் என்று கோர்ட்டு குமாஸ்தா பிறகு சொன்னார். "தப்பு என் ஆபீசுல நடந்தது, பொறுப்பு என்னுது, கைதிக்கு இதுல சம்பந்தமில்லன்னாரு. ரேகை யாருதுன்னு எசமான் கேட்டாக. கேட்டா சொல்லித்தான் ஆகணும், ஆனா என்ன மட்டும் தண்டிக்கணும்னு கேட்டுக்கிடுதேன்னாரு. எசமான் பெறகு கேக்கல. உம்ம வக்கீல் பேர்ல கண்டிச்சு எழுதிவச்சிருக்காக. மூணு மணிக்குள்ள ஒழுங்கான வக்காலத்து வரலன்னா வக்கீல் இல்லாமலே கேஸ் நடக்கும். நல்லாப் பாத்துக்கிட்டீரு போம்!"

அந்தக் கண்டிப்பு அவருடைய பெயரில் கடைசி வரை இருந்தது. சர்க்கார் வக்கீல் பதவிக்கு அவர் பெயர் ஒரு தடவை அடிபட்டபோதுகூட யாரோ அதை எடுத்துக்காட்டினார்களாம்.

கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வக்கீல் நின்றுகொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"ஏன்வே?"

"வாசிக்கச் சொன்னாரு. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மரத்தடியில் கிடந்த வேப்பம்பழங்களைச் செருப்பால் ஒதுக்கினார்.

"எத்தன வருஷமா எங்கிட்ட இருக்கீரு?"

"ஆறு வருஷம்."

"ஆறு வருஷமா நான் கேக்கலையே" என்றார். "சரி, உக்காரும். தாளும் பேனாவும் எடும். தமிழ்ல எழுதும்."

அவர் சொல்லச் சொல்ல அந்த இடத்திலேயே ஒரு வக்காலத்தை எழுதினேன். எழுத்து நன்றாகத்தான் வந்தது. தமிழில் வக்காலத்து வாங்குவார்களா என்று கேட்டேன். "வாங்கக் கூடாதுன்னு யாரும் எழுதி வைக்கல. போயிச் சொல்லிட்டு வாங்கிட்டு வாரும். முதல்ல நேத்து செஞ்சதச் சொல்லும்."

கோர்ட்டுக் காவல் அறையில் கேஸ்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள் நின்றார். நான் ஒரே மூச்சில் சொன்னேன். "நேத்து நீங்க வைக்காத ரேகைய நான் வச்சிட்டேன்."

"யாரு வெரலு அது?"

"என் வெரலு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "என் கேஸ் மேல உமக்கு அம்புட்டு ஆசையா? செட்டில்மெண்டுக்கும் நீரே போயிட்டு வாருமே. நான் இங்கன இருந்து உம்ம குமாஸ்தா வேலையப் பாத்துக்கிடுதேன்."

கான்ஸ்டபிளும் சிரித்துவிட்டார். எனக்குக் காது எரிந்தது.

"அந்தத் தாள் இங்கிலீஷ். எனக்கு வாசிக்கத் தெரியாது. அதச் சொல்ல வெக்கமா இருந்துது."

"இத நேத்தே சொன்னா என்ன? தெரியலன்னு சொன்னவனக் கடிச்சா திங்கப் போறேன்? இப்பம் என்ன கொண்டாந்திருக்கீரு?"

"தமிழ்ல எழுதியிருக்கேன்."

"வாசியும்."

வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார். 'அவர் செய்வதை எல்லாம் நானே செய்ததாக ஒப்புக்கொள்கிறேன்' என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது என்னது? அவுக என்ன செய்வாகன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? முன்கூட்டியே நான் எப்பிடி ஒத்துக்கிட முடியும்? இத எடுக்கச் சொல்லும்."

எல்லா வக்காலத்திலும் அந்த வரி உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டு எழுந்தேன். மரத்தடிக்குப் போய் வக்கீலிடம் சொன்னேன். அவர் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "இத்தன வருஷத்துல ஒரு கட்சிக்காரரும் இதக் கேட்டதில்லவே. அடிச்சிரும். 'எனக்காகப் பேசவும், கிராம முன்சீப்பின் அடிக்கட்டையை வரவழைக்கவும்'னு மட்டும் போடும்."

திருத்தி எழுதி மறுபடியும் போய் வாசித்தேன். மூன்றாம் தடவையும் கேட்டுவிட்டு அவர் இடது கையை நீட்டினார். மை தடவினேன். தாமே பார்த்து, எழுத்து முடிகிற இடத்துக்கு ஒட்டினாற்போலப் பெருவிரலை வைத்தார். இடையில் ஒரு வரிகூட நுழைக்க இடம் விடவில்லை. எழுந்திருக்கப் போன என்னை, "நில்லும்வே" என்றார்.

"சாட்சிக்கு உம்ம வெரலையும் பக்கத்துல வையும்."

"நான் கையெழுத்துப் போடுவேனே."

"தெரியும். வெரல வையும். நேத்து ஒளிஞ்சு வச்சீரு, இன்னைக்கு எம் முன்னால வையும்."

வைத்தேன். சாட்சி என்று எழுதி என் பெயரையும் போட்டேன்.

மூன்று மணிக்கு மாஜிஸ்திரேட் அந்தத் தாளை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். கூண்டில் நின்றவரிடம், காலையில் கேட்டதையே கேட்டார். "இவுகதான் எனக்கு வக்கீல். தாள்ல உள்ளது பூராவும் நான் கேட்டுட்டேன்" என்றார் அவர். வக்கீல் மனுவைக் கொடுத்தார். அடிக்கட்டைப் புத்தகத்தோடு வரும்படி முன்சீப்புக்குச் சம்மன் போயிற்று.

பத்து நாள் கழித்து முன்சீப் தலைப்பாகையோடு வந்து சாட்சிக் கூண்டில் நின்றார். அதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் ஒரு தாளை ஆஜர் செய்திருந்தார். 'சீட்டு வாங்காமல்தான் போனேன்' என்று எழுதி, அடியில் ரேகை இருந்தது. எழுத்துக்கும் ரேகைக்கும் நடுவே நாலு விரற்கடை வெற்றிடம். எழுதாத தாளில் ஸ்டேஷனில் வாங்கிய ரேகை அதுதான்.

வக்கீல் குரலை உயர்த்துகிறவர் இல்லை. "அண்ணாச்சி, இந்தப் புத்தகம் உங்க கைப்பட எழுதுனதுதானே?"

"ஆமா."

"இந்தப் பக்கத்துல யாரு பேரு இருக்கு? சத்தமா வாசியுங்க."

முன்சீப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் மாட்டினார். வாசித்தார். மூன்று நாள், குற்றாலம், சுமை வேலை. எல்லாம் அவருடைய எழுத்திலேயே இருந்தது.

"ஞாபகமில்லன்னு சொன்னீங்களாமே?"

"எழுதுனா ஞாபகம் வச்சுக்கிடணுமாக்கும்? அதுக்குத்தான எழுதுகது!" என்று அவர் எரிச்சலோடு சொன்னார். கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

கேஸ் தள்ளுபடியாயிற்று. வெள்ளிக் கூஜா கடைசி வரை கிடைக்கவில்லை. அதனால் கடைத்தெருவில் பேச்சும் மாறவில்லை. கள்ளனைத் தப்ப வைத்த வக்கீல் என்றார்கள். அந்த வருஷம் எங்கள் ஆபீசில் கேஸ் கட்டு வைக்கும் மாடங்கள் பாதி காலியாக இருந்தன. அதற்குப் பிறகு வந்த ரேகைக்காரர்களுக்கெல்லாம் நான்தான் தமிழில் வக்காலத்து எழுதினேன், நான்தான் வாசித்தேன். அவர்களில் சிலர் தங்களுக்குப் பிடிக்காத வரியை அடிக்கச் சொல்வார்கள். வக்கீல் அடிக்கச் சொல்லிவிடுவார். இங்கிலீஷ் எழுத்துகளையும் அவர் எனக்குச் சொல்லித்தரப் பார்த்தார். அது என் தலையில் ஏறவில்லை. ஏறவில்லை என்பதை அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

விடுதலையாகி ஒரு வாரம் இருக்கும். வேறொரு கேஸில் ஒரு கட்சிக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க நான் அச்சன்புதூர்ப் பக்கம் நடந்து போனேன். ரோட்டோர வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒருவர் நாற்று முடிகளை வீசிக்கொண்டிருந்தார். அவர்தான். தலையை அசைத்தார், கையில் நாற்று இருந்தது. அவருடைய பெண்டாட்டி நிமிர்ந்து, என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"என்னய்யா, திரும்பவும் கோர்ட்டுத் தாளா?"

"உங்களுக்கு இல்ல. மேலூர்க்காரருக்கு."

"நெசமாத்தான?"

பெயரை வாசித்துக் காட்டினேன்.

"அப்பம் சரி" என்றாள். சேறு ஒட்டிய கையால் முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்துவிட்டாள். மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் நட்டு முடிக்க அவர்களுக்கு இன்னும் ஒரு வயல் பாக்கி இருந்தது.